கூரை கழற்றிய ஹெரால்ட்

நம் சங்க மலர்களில் கல்வெட்டு, கோயில், எல்லைப் போராட்டம் என்றே எழுதி வந்தவன் நான். இந்த மலருக்கு ஒரு பழைய காரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழுவில் ஒருவர், "அண்ணாச்சி, காருக்கு ஏது வரலாறு?" என்று கேட்டார். கருங்கல்லுக்கு வரலாறு உண்டென்றால் தகரத்துக்கும் உண்டு. அதிலும் இது சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் பிறந்த தகரம். மேல்கூரை இல்லாத பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒரு மனிதன் என்ன சுகம் காண முடியும், அந்தச் சுகம் இனி எத்தனை நாளைக்கு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சாலையைச் சொல்லிவிட வேண்டும். பூவார் என்பது நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகம். ஒரு பக்கம் ஆறும் காயலும், மறுபக்கம் அரபிக் கடல், நடுவே மணல்திட்டு. இந்தப் பகுதியில் பெரியவர்கள் முதலில் நம்பியது நீர்வழியைத்தான். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகால் இணைப்பது என்று திட்டமிட்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். பத்மநாப சுவாமிக்காக அனந்தன், இங்கிலாந்து ராணிக்காக விக்டோரியா, மன்னருக்காக மார்த்தாண்டன் என மூவரையும் திருப்திப்படுத்திய பெயர். பூவாரிலிருந்து மண்டைக்காடு வரை வந்ததோடு வேலை நின்றது. இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

கால்வாய் செய்யாததைச் சாலை செய்தது. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டது திருவனந்தபுரம் கன்னியாகுமரித் தடத்தைத்தான். அதற்கென லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்டர் என்னும் துரையை வரவழைத்திருந்தார்கள். சர் சி.பி. திவானாக இருந்த அந்தக் காலத்திலேயே இந்தச் சாலைக்கு சிமெண்ட் கான்கிரீட் தளமும் வந்தது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று போகும் அந்தச் சாலை, 1956 நவம்பர் 1 அன்று நடுவில் வெட்டுப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அந்த வரலாறு நம் வாசகர்களுக்குப் பாடம், நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வேண்டியது ஒன்றுதான்: பூவாரில் ஒரு வண்டி வைத்திருப்பவன் அரைமணி நேரத்தில் மாநிலம் மாறிவிடலாம். கடற்கரை வழியாகப் பொழியூர் தாண்டினால் கொல்லங்கோடு. உச்சக்கடை வழியாகப் போனால் களியக்காவிளை. திறந்த வண்டியில் போகிறவனுக்கு எல்லைப் பலகை தேவையில்லை. டீக்கடை ரேடியோ மாறுவதிலேயே தெரிந்துவிடும்.

இனி வண்டிக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் திறந்த கார்களுக்குப் பஞ்சமில்லை. ராஜாக்களும் துரைமாரும் தோட்ட முதலாளிகளும் வைத்திருந்தார்கள். 1953-ஐ ஒட்டி மத்திய அரசு, இங்கே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமில்லாத கம்பெனிகள் வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்கக்கூடாது என்று முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிஞ்சியவை சில. பயணிகள் காரில் கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். மூவரும் செய்தது குடும்பக் கார். நாலு பேர் உட்கார வேண்டும், மழை படக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. காற்று வாங்கப் போகும் கார் என்று ஒன்றை அந்த நாளில் எந்த அதிகாரியும் ஒரு தேவையாக எழுதியிருக்க மாட்டார்.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் வண்டலூரில் செய்த கார் ஹெரால்ட். இதன் மூலம் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி 1959-ல் வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்ட். வடிவம் வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து மிக்கெலோத்தி. இந்தக் காரில் ஒரு விசித்திரம் உண்டு. அப்போது மற்ற கம்பெனிகள் பலவும் அடிச்சட்டம் தனியாக இல்லாமல், உடம்பையே ஒரே கூடாக வார்த்துச் செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடம்பு செய்து தர ஆள் இல்லை. என்ன செய்வது? பழைய முறைப்படி சேஸிஸ் ஒன்றைத் தனியாக வைத்து, உடம்பைத் துண்டு துண்டாகப் பல சிறு ஆலைகளில் செய்து, போல்ட் போட்டு முறுக்கினார்கள். வெளியீட்டு விழாவில் மேடையிலேயே சில நிமிடங்களில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்கள் என்பார்கள்.

வியாபாரியாகிய எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். சரக்கு தர மாட்டேன் என்று ஒருவன் கதவை மூடியதால் உண்டான கார் இது. அந்தக் கையாலாகாத நிலைதான் இதன் அழகுக்கும் ஆயுளுக்கும் காரணமாயிற்று. போல்ட்டால் பூட்டியதைப் போல்ட்டால் கழற்றலாம் அல்லவா? கூரையும் தனித் துண்டு. கழற்றினாலும் பாரம் தாங்குவது சேஸிஸ்தான், ஆகையால் வண்டி முதுகொடிந்து மடங்காது. இங்கிலாந்தில் கம்பெனியே 1960-ல் மடிக்கும் கூரை வைத்த ஹெரால்டை விற்றது. 1962-ல் அதே சேஸிஸை நீளம் குறைத்து, அதன்மேல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. நம் வண்டலூர் ஹெரால்ட் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்காள் முறை என்று நான் சொல்வது இதனால்தான்.

வண்டலூர்த் தொழிற்சாலையில் வரிசையாக வெளிவந்தவை தகரக் கூரை வண்டிகள். இறக்குமதிக்குக் கதவு அடைத்திருந்த நாட்டில் திறந்த கார் வேண்டுமென்றால் ஒரு வழிதான்: ஹெரால்ட் வாங்கு, கூரையைக் கழற்று. சென்னையிலும் கோவையிலும் நாகர்கோவிலிலும் நான் கண்ட திறந்த ஹெரால்டுகளில் பெரும்பாலானவை இப்படி உள்ளூர் டிங்கர் கையில் பிறந்தவை. பெரிய பொறியாளர் எவரும் வரைபடம் போடவில்லை. குஷன் கடைக்காரர் இரும்புக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்து, ரெக்சின் தைத்து, மடக்கும் கூரை மாட்டிக் கொடுத்தார். 1968-ல் நாலு கதவு ஹெரால்ட் வந்ததும் இந்த வேலை குறைந்தது. 1970-களில் கெஸல் என்று பெயர் மாறி, 1977-ல் அதுவும் நின்றது. பிறகு 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்து, மூன்றாண்டில் கம்பெனியையே கூட்டிக்கொண்டு போயிற்று. அது வேறு கதை, சோகக் கதை.

என்னிடம் உள்ளது 1965-ஆம் ஆண்டு இரண்டு கதவு வண்டி. பாத்திரக் கடை வசூலுக்கு நாகர்கோவில் போய்வந்த காலத்தில், 1997-ல், ஒரு வீட்டுத் தென்னந்தோப்பு ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததைக் கண்டு வாங்கினேன். கூரையை முன்னிருந்தவர் 1970-களிலேயே கழற்றி, ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி மாற்றம் எழுதி வாங்கியிருந்தார். கழற்றிய கூரையையும் அவர் வைத்திருந்தார். அதையும் கேட்டு வாங்கி என் கோடவுனில் அண்டா குண்டாக்களுக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பார்ப்பவர்கள் அதைப் பெரிய சருவம் என்று நினைத்து விலை கேட்டதுண்டு.

சுகம் என்றால் என்ன சுகம்? வேகம் என்று நினைத்தால் அது இல்லை. 948 சி.சி. எஞ்சின். இன்றைய ஆட்டோக்காரத் தம்பிகள்கூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வார்கள். பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய் திடீரென்று பிரேக் மிதித்தால் பின் சக்கரம் உள்வாங்கி வண்டி துள்ளும். ஆகையால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மெல்ல நுழைய வேண்டும். அறுபதைத் தாண்டிய மனிதனுக்கு இது நல்ல பழக்கம்தான். ஆனால் திருப்புவதில் இதை மிஞ்ச ஆளில்லை. 25 அடி வட்டத்துக்குள் முழு வண்டியும் திரும்பிவிடும். பூவார்ப் பக்கத்துச் சந்துகளில், ஒருபுறம் மதிலும் மறுபுறம் தோடும் இருக்கும் இடத்தில், பெரிய கார்க்காரர்கள் முன்னும் பின்னும் இழுத்து வியர்க்கையில் நம்ம ஹெரால்ட் சட்டென்று திரும்பி வந்துவிடும்.

உண்மையான சுகம் காதிலும் மூக்கிலும்தான் இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை ஆறு மணிக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாருக்குக் கிளம்பினால், முதலில் மரச்சீனி வேகும் வாசனை, பிறகு எங்கோ ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் நெடி, ஆறு நெருங்கும்போது சேற்று மணம், கடைசியில் கருவாடும் உப்புக் காற்றும். சைவம் சாப்பிடும் எனக்குக் கருவாட்டு மணம் பிடிக்காதுதான். இருந்தும் அது வந்தால் கடல் வந்தாயிற்று என்று தெரிந்துகொள்கிறேன். கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட வண்டியில் இதே சாலையில் நூறு தடவை போயிருக்கிறேன். ஒரு வாசனையும் நினைவில் இல்லை.

இன்னொன்று, கூரை இல்லாத காருக்கு ரகசியம் கிடையாது. எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், சாக்கில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். உச்சக்கடையில் நின்றால் பிள்ளைகள் சுற்றிவந்து "ஷூட்டிங்ஙா மாமா?" என்று கேட்பார்கள். மீன்கார அம்மாமார் மலையாளத்தில் ஒன்று கேட்டு நான் தமிழில் ஒன்று சொல்லி, இரண்டும் கலந்து பேச்சு ஓடும். நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கே கடை வைத்திருக்கிறேன். கடையில் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களோடு பேசியதைவிட, இந்த வண்டியில் உட்கார்ந்து பேசியது அதிகம். வெளியூரிலிருந்து வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. என் வீட்டுக்காரி மட்டும் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, "எல்லாரும் பாக்கறாங்க, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்பாள். வேகமாகப் போக முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகச் சிதறால் மலைக்குப் போவதுண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ள இடம். மூடிய காரில் போனால் அடிவாரத்தில் இறங்கும்போதுதான் மலை தெரியும். இதில் வழியெல்லாம் ரப்பர் மரங்களுக்கு மேலே பாறை தலைகாட்டுவதும் மறைவதும் தெரியும். அந்நாளில் நடந்து வந்த துறவிகளுக்கும் மலை இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். இரவில் மட்டும் வண்டியை எடுப்பதில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் முன்கண்ணாடியில் மோதி மடியும். நம் சுகத்துக்கு அந்தப் பாவம் வேண்டாம். மிகுபொருள் விரும்பாமை என்று எங்கள் சமயத்தில் ஒரு விரதம் இருக்க, இரண்டாவது கார் எதற்கு என்று உறவினர்கள் கேட்பதும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் இத்தனை வருஷமும் மூன்றாவது ஒன்று வாங்கவில்லை!

சுகத்தோடு கூட வருவது பராமரிப்பு. இந்த ஊரில் மழை இரண்டு முறை, இடவப்பாதியும் துலாமழையும். ஆக, ஜூன் தொடக்கம் நவம்பர் முடிய திறந்த காருக்குக் கிடைப்பது விட்டு விட்டு வரும் சில நாட்கள்தான். ரெக்சின் கூரை வெயிலில் வெடித்து, மழையில் ஒழுகும். ஐந்தாறு வருஷத்துக்கொரு தரம் புதிதாகத் தைக்க வேண்டும். நண்பகலில் எடுத்தால் மண்டை காயும். தென்னை மரத்தடியில் நிறுத்தவே கூடாது. கேரளத்தில் தென்னை இல்லாத நிழல் தேடுவது எத்தனை சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் உப்பு. பூவார்க் காற்று சேஸிஸைத் தின்னும். ஹெரால்டில் துரு எங்கே இருக்கிறது என்று அறிய கதவைப் பார்த்தால் போதும். கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ள சந்து மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்தால் சேஸிஸ் தொய்கிறது என்று பொருள். கூரை உள்ள வண்டியில் கூரை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கழற்றிய வண்டியில் அந்தத் தயவும் இல்லை. கடற்கரை போய்வந்த ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் பழைய எஞ்சின் ஆயில் தடவுவது என் வழக்கம். முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டுக்குக் கிரீஸ் வைக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடித்து, ஒரு நாள் மூட்டு ஒடிந்து சக்கரம் சாய்ந்த வண்டிகள் உலகமெங்கும் உண்டு. வாங்க நினைப்பவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பானெட் திறப்பதே ஒரு காட்சி. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுவதும் வாய் பிளப்பது போல் எழும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அமரவிளைப் பக்கம் எனக்கு ஒரு ஆசான் இருந்தார். அவர் காலமான பிறகு மகன் பார்க்கிறான். "அண்ணாச்சி, புது வண்டிக்கு கம்ப்யூட்டர் வேணும், இதுக்கு காது போதும்" என்பான். பாகங்கள் கிடைப்பது வேறு விதமான புதையல் வேட்டை. சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் சில கிடைக்கும். சில இங்கிலாந்திலிருந்து இன்றும் புதிதாகவே வருகின்றன, விலைதான் கண்ணைக் கட்டும். மற்றவை லேத்தில் கடைந்து செய்ய வேண்டும்.

இங்கே ஒரு சிறு செய்தி. ஹெரால்ட் பிறந்த அதே 1961-ல்தான் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியது. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயருக்கு மாறியதும் அந்த ஆண்டுகளில்தான். எம்.ஆர்.எஃப். நிறுவிய மாம்மன் மாப்பிள்ளை கேரளத்துக்காரர். இங்கிருந்து போய் அங்கே டயர் செய்தார் அவர். அங்கிருந்து வந்து இங்கே பாத்திரம் விற்கிறேன் நான். என் வண்டியில் ஓடுவது அவர் கம்பெனி டயர்.

பழைய காரில் மனம் வைத்தவர்களில் நம் வட்டாரத்தில் பெயர் பெற்றவர் திருவிதாங்கூர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. 2013 டிசம்பரில் மறைந்த அவர், 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரைக் கடைசிவரை வைத்திருந்தார். முதிய வயதிலும் அதை ஓட்டினார். கம்பெனியே புது வண்டி தருகிறேன் என்றும் மாற்றிக்கொள்ளவில்லை என்று செய்திகள் வந்தன. அது மூடிய கார்தான். ஆனால் அதை அவர் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை, ஓட்டினார். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் போய்ப் பார்த்திருக்கிறேன். அருமையாக வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எஞ்சின் சூடு இல்லாத கார்களுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு என்னவோ போலிருந்தது.

இதுதான் இப்போது எங்களுக்கு வந்திருக்கும் சோதனை. மத்திய அரசு 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை, 20,000 ரூபாய் கட்டி, 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள தனி எண்ணில் பத்தாண்டுக்குப் பதியலாம். நல்ல எண்ணத்தில் வந்த விதி, பழைய வண்டிகளை உடைக்காமல் காப்பது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். கருவாட்டு வாசனைக்கு எடுக்கலாம் என்று விதியில் இல்லை. மேலும் சேஸிஸ், உடம்பு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத மூல வடிவத்தில் வண்டி இருக்க வேண்டும். கூரை கழற்றிய ஹெரால்ட் அங்கேயே தோற்றுவிடும்.

அதற்கு முன் 2019 ஜனவரியில், நம் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டதன் விளைவு இது. பஸ்ஸையும் லாரியையும் கண்டபடி மாற்றி ஆட்களைக் கொல்வதைத் தடுக்க அந்தச் சட்டம் வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு பையன் ஹெரால்ட் வாங்கிக் கூரையைக் கழற்ற முடியாது. அதாவது 1960-களிலும் 70-களிலும் நம் டிங்கர்கள் கையால் பிறந்த ஓர் இனம், இனிமேல் புதிதாகப் பிறக்காது. இருப்பவைதான் கணக்கு. பழைய காலத்திலேயே அனுமதி எழுதி வாங்கிய வண்டிகளுக்குச் சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழி இருக்கிறது. இருபது ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். இதற்கிடையே இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து, பழைய ரப்பர் குழாய்களையும் பம்பு டயஃப்ரமையும் அரிக்கிறது. எல்லாக் குழாய்களையும் மாற்றியாயிற்று.

என் வீட்டில் இரண்டு கட்சி. மகன் சொல்கிறான்: "அப்பா, கோடவுன்ல இருக்கிற கூரைய எடுத்து மாட்டிடலாம். மூல வடிவம் ஆயிடும், வி.ஏ. நம்பர் வாங்கிடலாம், விலையும் ஏறும்." கணக்குப்படி அவன் சொல்வது சரி. போல்ட்டால் கழற்றியது போல்ட்டால் ஏறும், அதுதான் இந்தக் காரின் பெருமை. ஆனால் வெட்டி ஒட்டிய இடங்களை ஆராயும் அதிகாரி அதை ஒப்புவாரா என்பது ஒரு புறம். ஒப்பினாலும், அதன்பின் வண்டி வருஷத்துக்கு இரண்டு பேரணியில் பூமாலை போட்டு நிற்கும். மார்கழிக் காலையில் பூவாருக்குப் போகாது.

நான் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கவே பணம் ஒதுக்கியிருக்கிறேன். வருகிற மேடத்தில் தகுதிச் சோதனை. சேஸிஸின் இடது பக்கத் தாங்கியில் ஒரு சாண் நீளம் துரு கண்டிருக்கிறது. ஆசான் மகன் பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வெல்டிங் பிடிக்கிறான். கோடவுன் கூரையை இறக்கித் துடைத்து, உள்பக்கம் ரெட் ஆக்சைடு அடித்து, மறுபடி மேலே கட்டிவிட்டோம்.